கீழூட்டுக்காரன் மாட்டேன் என்ற நாள்

லிஃப்ட் திருத்தும் வேலை பார்த்தவன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். "கயிறு அறுந்தா என்னங்க ஆகும்?" கல்யாண வீட்டில் கேட்டிருக்கிறார்கள், சாவு வீட்டிலும் கேட்டிருக்கிறார்கள். கண்டியில் ஒரு பல் வைத்தியர் என் வாயை அகலத் திறக்க வைத்து, ஊசியும் போட்டுவிட்டு, அதன் பிறகு கேட்டார். சிலர் கேள்வியோடு பதிலையும் கொண்டு வருவார்கள். பெட்டி தரையில் மோதுவதற்குச் சற்று முன்னால் ஒரு துள்ளு துள்ளினால் தப்பிவிடலாமாம்!

சென்ற மாதம் எங்கள் பழைய கம்பனியில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளிடம் நாலு வார்த்தை பேசக் கூப்பிட்டிருந்தார்கள். இப்போது வரும் லிஃப்ட்டுகளுக்கு நல்ல மரியாதை தெரியும். கரண்ட் போனால் தாமாகவே பேட்டரியில் நகர்ந்து, அடுத்த மாடியில் நின்று, கதவைத் திறந்துவிடுகின்றன. எங்கே கோளாறு என்று ஃபோனுக்குச் செய்தியும் அனுப்புகின்றன. "அப்ப நீங்கெல்லாம் என்னதான் அங்கிள் செஞ்சீங்க?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். கேலியாக இல்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டாள். நான் ஒரு கல்யாணப் பெண்ணின் கதையைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே சிரிப்பு தாங்கவில்லை. இதை எழுதி வையுங்கள் என்றார்கள். எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் எனக்கும் பௌதிகத்துக்கும் ஆகாது. புவியீர்ப்பு என்பது புத்தகத்தில் ஒரு அம்புக்குறி, அவ்வளவுதான். ஓ.எல். என்னும் பொதுப் பரீட்சையில் விஞ்ஞானத்தில் கோட்டை விட்டேன். என் அப்பா நகரசபையில் கிளார்க். பேனா பிடிக்கும் வேலை இவனுக்குச் சரிவராது என்று அவருக்கு அன்றே புரிந்துவிட்டது. லிஃப்ட் கம்பனியில் ஹெல்பராகச் சேர்த்துவிட்டார். கிரீஸ் பூசியும் சாமான் தூக்கியும் சில வருடங்கள் ஓடின. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. என் வாழ்க்கை தொடங்கியது நிலாம் நானாவின் கீழ் என்னைப் போட்ட அன்றைக்குத்தான்.

நிலாம் நானா (அண்ணனை முஸ்லிம்கள் நானா என்பார்கள்) கண்டிக்குப் பக்கத்து அலவத்துகொடக்காரர். ஆள் நல்ல பருமன், குரல் மட்டும் மெல்லிசு. அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. முதல் நாள் ஒரு புடவைக்கடையில் லிஃப்ட் மெஷினுக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார்.

"தம்பி, கீழூட்டுல ஒத்தன் ஈக்கான். எங்க எல்லாரையும் புடிச்சி இழுத்துக்கிட்டே ஈப்பான். லீவு எடுக்க மாட்டான், ஸ்ட்ரைக் பண்ண மாட்டான், பெரிய ஆள் சின்ன ஆள் பாக்க மாட்டான். அவனோட சண்டைக்குப் போகாத. அவன்கிட்ட வேல வாங்கு."

கீழூடு என்றால் கீழ்வீடு, ஈக்கான் என்றால் இருக்கிறான். அவர் சொன்னது பூமியைத்தான் என்று எனக்குப் பிடிபடவே கொஞ்ச நேரம் ஆனது. பிறகு கரண்டை நிறுத்திவிட்டு, பிரேக்கைக் கையால் விடுவிக்கும் நெம்புகோலைக் காட்டினார். "பெட்டி சும்மா ஈக்கு, உள்ள யாரும் இல்ல. இப்ப இத இழுத்தா எங்க போகும்?"

இதில் என்ன கேள்வி? பிரேக் இல்லாவிட்டால் விழத்தானே வேண்டும். "கீழ" என்றேன்.

அவர் நெம்பை இழுத்தார். பெட்டி சாவகாசமாக மேலே போனது.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆளில்லை, கரண்ட் இல்லை, பெட்டி மேலே போகிறதே! நானா என் முகத்தைப் பார்த்து, தொப்பை குலுங்கச் சிரித்தார். கயிற்றின் ஒரு முனையில் பெட்டி, மறு முனையில் இரும்புக் கட்டிகள். அதற்கு கவுண்டர் வெயிட் என்று பெயர். பெட்டியில் பாதி ஆட்கள் ஏறினால் என்ன கனம் இருக்குமோ, அந்தக் கனத்துக்கு இரும்பை அடுக்கியிருப்பார்கள். பெட்டி காலியாக இருந்தால் இரும்புதான் கனம். பூமி இரும்பை இழுக்கிறது, இரும்பு பெட்டியைத் தூக்குகிறது. மோட்டாருக்கு முழுக் கனத்தையும் தூக்கும் வேலையே இல்லை. இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சமாளித்தால் போதும். இத்தனை வருடம் லிஃப்ட் என்றால் யாரோ தூக்குகிறார்கள் என்று நினைத்திருந்தேன். அது ஒரு தராசு! அன்றைக்கு பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது பக்கத்தில் இருந்தவரிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் பாவம், எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. எதைப் பார்த்தாலும் அது எங்கே விழப் பார்க்கிறது என்று பார்ப்பேன். கண்டியில் இந்தப் பைத்தியத்துக்குத் தீனி நிறைய. ஊரே சரிவில்தான் நிற்கிறது.

கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கயிறு ஒன்றல்ல, பல. எல்லாம் அறுந்தாலும் பெட்டி வேகமெடுத்ததும் இரண்டு பக்கமும் உள்ள பிடிகள் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும். துள்ளும் யோசனை வேண்டாம். பெட்டி விழுந்தால் அதே வேகத்தில் நீங்களும்தான் விழுந்துகொண்டிருப்பீர்கள். துள்ளினால் அதில் கொஞ்சம் குறையும். அந்தக் கொஞ்சத்தை வைத்து ஒன்றும் ஆகாது.

நானாவின் எடையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. வைத்தியர் அவரை இளைக்கச் சொன்னார். அவர் மனைவி ஃபரீதா தாத்தா (அக்காவை அவர்கள் தாத்தா என்றுதான் அழைப்பார்கள், நானும் அப்படியே அழைப்பேன்) அதைச் சட்டமாக்கினார். சோறு பாதி, இறைச்சி இல்லை, சீனி இல்லை. வாரம் ஒரு தடவை எடை பார்த்துப் படம் அனுப்ப வேண்டும். நானா என்ன செய்தார் தெரியுமா? எடை மெஷினை வேலைக்கே கொண்டுவந்து, லிஃப்ட்டுக்குள் வைத்து, அதன் மேல் ஏறி நின்றார். என் கையில் ஃபோனைத் தந்தார். "கீழ போற பட்டன அமத்துற நேரம் படம் எடு."

பெட்டி இறங்கத் தொடங்கிய அந்தக் கண நேரம் முள் சரசரவென்று குறைந்தது. நான் எடுத்தேன். படத்தில் நானா மாப்பிள்ளை மாதிரி இளைத்திருந்தார்!

"எடை எங்க நானா போச்சு?" என்று கேட்டேன்.

"எங்கயும் போகல்ல. கீழூட்டுக்காரன் அதே இழுவதான் இழுக்கான். ஆனா தரை என்ட காலுக்குக் கீழால நழுவுது. நான் மெஷின அமத்துறது கொறயுது. மெஷினுக்கு என்னயத் தெரியாது தம்பி, நான் அமத்துறது மட்டும்தான் தெரியும்."

ஏறத் தொடங்கும்போது முள் கூடியது. இறங்கி நிற்கும்போதும் கூடியது. ஆனால் நடுவில், பெட்டி ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும்போது, தரையில் நிற்கும் அதே எடைதான். ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி. எனக்கு அதுதான் பெரிய அதிசயம். வேகம் உடம்புக்குத் தெரிவதில்லை, வேகம் மாறும்போதுதான் தெரிகிறது. அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் ஏறி இறங்கி ஏறி இறங்கி விளையாடியதில் புடவைக்கடைக்காரர் வந்து, லிஃப்ட்டில் இன்னும் என்ன கோளாறு என்று கவலையோடு விசாரித்தார். ஃபரீதா தாத்தா படத்தை நம்பவில்லை. அடுத்த வாரத்திலிருந்து எடை பார்ப்பது வீட்டிலேயே, அவர் முன்னிலையில். நானா உண்மையாகவே இளைக்கத் தொடங்கினார்.

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன்.

கண்டி நகரத்துக்குள் ஒரு கல்யாண மண்டபம். மூன்றாம் மாடிதான் உச்சி, அங்கே பெண் அலங்காரம் செய்யும் அறை. இரண்டாம் மாடியில் மணமேடை. பெண்ணின் பெயர் சுகந்தி, தெல்தெனியக்காரி. அப்பா இல்லை, அம்மாதான் வளர்த்தவர். மாப்பிள்ளை தினேஷின் அப்பா கண்டி மார்க்கட்டில் மொத்த வியாபாரம் செய்பவர். மகன் தானாகப் பார்த்துக்கொண்ட பெண் என்பதால் அவருக்கு ஆரம்பத்திலிருந்தே மனசில்லை. மாப்பிள்ளை வீட்டில் ஒரு சாவு விழுந்து கல்யாணம் ஏற்கெனவே ஒரு தடவை தள்ளிப்போயிருந்தது. இரண்டாவது தடவையாக நாள் பார்த்து வைத்த முகூர்த்தம் அது.

சுகந்தி, அவள் அம்மா, சித்தி, இரண்டு தோழிகள், வீடியோக்காரர் எல்லோரும் மூன்றாம் மாடியில் லிஃப்ட்டில் ஏறினார்கள். ஒரு மாடி இறங்க வேண்டும். சேலை கசங்கக் கூடாதாம், அதனால் லிஃப்ட். கரண்ட் போனது, ஜெனரேட்டர் வந்தது, வந்த வேகத்தில் லிஃப்ட்டின் கட்டுப்பாட்டுப் பலகை கருகியது. பெட்டி இரண்டு மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூன்றாம் மாடியில் ஒரே கூட்டம். நானா நேரே வேலையில் இறங்கினார். அவருக்கு ஒரு ஒழுங்கு உண்டு, அதிலிருந்து ஒரு நூல் பிசக மாட்டார். முதலில் மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டார். நம் கை உள்ளே இருக்கும்போது யாரும் புண்ணியத்துக்குக் கரண்ட் கொடுத்துவிடக் கூடாது. அடுத்து எல்லா மாடியிலும் கதவு மூடியிருக்கிறதா என்று என்னைப் பார்த்துவரச் சொன்னார். அதன் பிறகு மூன்றாம் மாடிக் கதவைச் சாவியால் திறந்தார். பெட்டியின் கூரை எங்கள் கால் மட்டத்தில் இருந்தது. அதாவது, பெட்டி ஒரு இடுப்பளவு இறங்கினால் இரண்டாம் மாடி.

குனிந்து உள்ளே பேசினார். "புள்ள, நான் நிலாம். லிஃப்ட் வேல செய்றவன். நீங்க விழ மாட்டீங்க. காத்து வருது, மூச்சு முட்டாது. கதவத் தொடாம நடுவுல நில்லுங்க. எத்தின பேரு? ஆள் எப்பிடி, பருமனா மெலிவா?"

"இந்த நேரத்துல எடை கேக்குறாரு பாரு!" என்றது சித்தியின் குரல்.

"அண்ணே, நேரம் போகுதாண்ணே?" இது சுகந்தி.

"நேரம் அதுபாட்டுக்குப் போகட்டும் புள்ள. உங்கள நான் விழ உட மாட்டேன்."

நெம்பு இருக்கும் சின்ன இரும்பு அலமாரி மூன்றாம் மாடிக் கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். மேலே போனால் இங்கே இறங்குவார்கள், கீழே போனால் மணமேடைக்கே போய்விடுவார்கள். எதுவானாலும் நல்லதுதான். நானா கையசைத்தார். இழுத்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி இழுத்தேன். பிரேக் திறந்த சத்தம் நன்றாகக் கேட்டது. பெட்டி மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. பெட்டி எங்கோ சிக்கிக்கொண்டது என்று நினைத்தேன். நானா டார்ச்சை அடித்துக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, கோளாறு ஒண்ணுமில்ல. தராசு நேரா நிக்குது."

எவ்வளவு லிஃப்ட் பார்த்திருக்கிறோம், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பெண், அம்மா, சித்தி, தோழிகள், நகைகள், வீடியோக் கேமரா எல்லாம் சேர்ந்து அந்தப் பக்க இரும்புக்குச் சரிசமமாக நின்றுவிட்டன. கோயிலில் துலாபாரம் கொடுப்பது போல. கீழூட்டுக்காரன் இரண்டு பக்கமும் ஒரே இழுவை இழுத்துக்கொண்டு, எங்கேயும் வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான்.

அப்போதுதான், தினேஷ் பின்னால் வர, அவன் அப்பா மேலே வந்தார். பட்டுச் சட்டை, முகம் சிவந்திருந்தது. "கீழ் மாடிக் கதவத் திறந்து விடுங்க. ஒரு இடுப்பளவுதானே? நாங்க கையக் குடுத்துத் தூக்கி எறக்கிக்கிறோம்."

"முடியாதுங்க" என்றார் நானா.

"ஏன் முடியாது?"

"பெட்டிக்குக் கீழால வெறும் குழி. சேலை தடுக்கி, கால் உள்ளுக்குப் போனா அடித்தளம் வரைக்கும் நிக்காது. கீழ இழுக்கிறவனுக்குக் கல்யாணப் பொண்ணுன்னு தெரியாது."

"நேரம் தப்பிச்சின்னா இந்தக் கல்யாணம் இல்ல. ரெண்டாவது தடவையும் தடங்கல்னா அது நல்லதுக்கில்ல. சொல்லிட்டேன்."

கூரை வழியே இது உள்ளேயும் கேட்டிருக்கும். சுகந்தியின் அம்மா அழும் சத்தம் வந்தது. கதவுச் சாவியும் நானாவின் பையில்தான் இருந்தது. திறந்துவிட்டால் பழி நம் மேல் இல்லை என்று ஒரு நிமிடம் நானே நினைத்தேன். நானா சாவிப் பக்கமே போகவில்லை. இடுப்பில் பாதுகாப்புப் பட்டியைக் கட்டி, கொக்கியை மேலே மாட்டினார். "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி, கூரையின் மேல் காலை வைத்தார்.

"இழு தம்பி. என்ட உடம்பு இன்டைக்குத்தான் உதவப் போவுது."

இழுத்தேன். கயிறு விர்ரென்று ஒரு நடுக்கம் நடுங்கியது. பெட்டி ஒரு விரலளவு அசைந்தது. நின்றுவிட்டது.

நானா என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "படுபாவி ஃபரீதா! பட்டினி போட்டு மெலிய வெச்சிட்டாளே!"

மூன்றாம் மாடியே சிரித்தது. அழுதுகொண்டிருந்த பெட்டிக்குள்ளிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது. என் டூல் பெட்டியை அவர் காலடியில் வைத்தோம். அதுவும் போதவில்லை. "சின்னதா ஈக்கணும், கனமா ஈக்கணும், உருளப்படாது" என்றார் நானா. அரிசி மூட்டை என்றார்கள். சாப்பாடு சமைத்தே வந்துவிட்டதாம். தண்ணீர்க் கேன் என்றார்கள். அது அலம்பும், உருளும்.

"அம்மி!" உள்ளேயிருந்து சுகந்தியின் குரல். "அண்ணே, மேடையில அம்மி இருக்கு! நான் மிதிக்கிற அம்மி!"

மாப்பிள்ளையின் அப்பா பதறிவிட்டார். "சாமிக் காரியத்துக்குப் பொட்டு வெச்ச கல்லு. அதக் கொண்டுபோய் லிஃப்ட் மேல..."

அவர் முடிப்பதற்குள் தினேஷைக் காணவில்லை. திரும்பி வந்தபோது, வேட்டியை மடித்துக் கட்டி, நெஞ்சோடு அம்மியை அணைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக மூச்சு வாங்கி ஏறி வந்தான். தலைப்பாகை ஒரு காதின் மேல் தொங்கியது. மாலை கல்லுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் நசுங்கிப்போயிருந்தது. நானா தன் தோளில் கிடந்த துவாய்த் துண்டைக் கூரையின் நடுவில் விரித்து, அதன் மேல் கல்லை வாங்கி வைத்தார்.

"இழு."

கயிறு நடுங்கியது. பெட்டி இறங்கியது!

"விடு... இழு... விடு..." வேகம் பிடிக்க விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக. நானாவின் பாதம், முழங்கால், தொடை என்று ஒவ்வொன்றாகத் தரைக்குக் கீழே போனது. முகத்தில் பல் மட்டும்தான் தெரிந்தது. மாடி மட்டத்தைக் காட்டும் பேட்டரி விளக்கு பச்சையாக எரிந்ததும் நெம்பை விட்டுவிட்டு, நானா நீட்டிய சாவியோடு கீழே ஓடினேன். எனக்கு முன்னால் தினேஷ் ஓடினான். கதவைத் திறந்தேன். கண்மை கலைந்து, சேலை கொஞ்சமும் கசங்காமல், சுகந்தி வெளியே கால் வைத்தாள். எதிரே மூச்சிரைக்க நின்றவனைப் பார்த்து, "தலைப்பாகையச் சரி பண்ணுங்க" என்றாள்.

நான் திரும்பி மேலே வந்தபோது நானாவும் அம்மியும் இன்னும் கூரையில் நின்றார்கள். அவர்களை நோக்கி நீண்ட பெரிய கை மாப்பிள்ளையின் அப்பாவுடையதுதான். முதலில் கல்லை வாங்கினார், பிறகு நானாவைக் கையைப் பிடித்து இழுத்தார். பட்டுச் சட்டை தோளில் கிழிந்தது.

"கனமா இருக்கீங்களே நானா!"

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. என்ட பொண்டாட்டிக்குக் கேக்கட்டும்."

அந்த அம்மியை மேடைக்குக் கொண்டுபோனவர் மாப்பிள்ளையின் அப்பாவேதான். வேறு யாரையும் தொட விடவில்லை. நேரம் இருந்தது. தாலி ஏறியது. எங்களைச் சாப்பிடாமல் போக விடாததால் மண்டபத்தின் ஓரத்தில் கிரீஸ் கையோடு நின்றிருந்தோம். சுகந்தி அம்மி மேல் காலைத் தூக்கி வைத்தபோது, கல்லின் ஓரத்தில் ஒரு கறுப்பு எண்ணெய்த் தடம் எனக்குத் தெரிந்தது. அவளும் பார்த்திருக்க வேண்டும். மெட்டி போடக் குனிந்த தினேஷின் தலைக்கு மேலே அவள் நானாவைத் தேடி, கண்டுபிடித்து, வாய்விட்டுச் சிரித்தாள். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு முறைத்தார்.

பயிற்சிப் பிள்ளைகளுக்கு நான் கடைசியாகச் சொன்னது இதுதான். அவளை இறக்கியது பூமிதான். ஆனால் பூமி சும்மா இறக்கவில்லை. ஒருவன் ஒரு மாடி அளவு கல்லைச் சுமந்து ஏறினான். அந்த உழைப்பை அது வைத்திருந்து, அவள் இறங்கும்போது திருப்பிக் கொடுத்தது. இதைவிட எளிதாகப் பௌதிகம் எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் நான் நானாவின் வீட்டில் இருந்தபோது சுகந்தியின் அம்மா ஃபோன் செய்தார். நன்றி சொல்லி, அழுது, சிரித்து, கடைசியில், "அண்ணே, எங்க சுகந்திக்கு அடுத்ததா இன்னொரு பொண்ணு இருக்கா. அவ கல்யாணமும் அதே மண்டபத்துலதான். அதுவரைக்கும் அந்த நானாவ மெலிய விட்டுறாதீங்க" என்றார். நான் ஃபோனை அப்படியே நானாவிடம் கொடுத்தேன். நானா ஸ்பீக்கரைப் போட்டு, ஃபரீதா தாத்தாவைக் கூப்பிட்டார்.